உதவி பெறாத பட்டறை

4 செப்டம்பர் 2023, திங்கள்

கடைசி வாடிக்கையாளனும் இன்றைக்குப் போய்விட்டான். போனில் ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. சதுப்பு நிலத்தில் வாரி எடுக்கிற கரியை இனி எந்த மின் நிலையமும் எரிக்கப் போவதில்லை, அதனால் கரி வாரும் வண்டிக்கு உதிரிபாகமும் வேண்டாம், நன்றி இர்மெலி, நல்ல நாளாக அமையட்டும். நல்ல நாளாமே! முப்பத்தோரு வருடமாக இந்த ஹெதேவாரா ஊரில் நானும் அண்ணன் பெர்த்தியும் அந்த வண்டிகளுக்குத்தான் பல்லும் சங்கிலியும் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பட்டறையில் நாலு பேர் வேலை செய்கிறார்கள். இனி அவர்கள் என்ன செய்வார்கள், நான் என்ன செய்வேன்?

சாயங்காலம் வெல்டர் ரெய்னோ பின்கொட்டகைக்கு வரச் சொன்னான். பழைய கரி வண்டி ஒன்றைப் பிரித்து, முன்னால் புதிதாக ஒரு தலை பொருத்தி வைத்திருக்கிறான். கோடையில் இருந்து செய்கிறானாம், எனக்குத் தெரியவே தெரியாது.

"என்ன இது?"

"பாசி எடுக்க."

கரி வாருவது நின்றால் செடி வளர்க்கிறவர்களுக்குக் கரிமண்ணும் கிடைக்காது, பதிலுக்குச் சதுப்பின் மேல்பாசி கேட்கிறார்களாம். குளிர்காலத்தில் சதுப்பு உறைந்திருக்கும்போது மேல் அடுக்கை மட்டும் எடுத்தால் அடி அப்படியே இருக்கும், முப்பது வருடத்தில் மறுபடி வளர்ந்துவிடும். இவ்வளவையும் ஆறு வாக்கியத்தில் சொன்னான். ரெய்னோவுக்கு அது ஒரு மாதத்துக்கான பேச்சு.

19 செப்டம்பர்

வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து ஹெல்வி வந்தாள். ஏழாம் வகுப்பில் என் பனிச்சறுக்குக் கட்டையைக் கடன் வாங்கிப் போய் உடைத்தவள். இப்போது கரித்தொழில் போன ஊர்களுக்கு மானியம் பங்கு போடுகிறாள். நாலு கப் காபி குடித்தாள், மூன்று ஏலக்காய் பன் சாப்பிட்டாள். இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதுக்குத்தான்டி நாங்க பணத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்! புது யோசனை, இந்த ஊர் ஆளு, இந்த ஊர் வேலை. விண்ணப்பம் போடு. ஒன்றரை வருஷச் சம்பளத்துல பாதிக்கு மேல நாங்க தருவோம்."

ரெய்னோவைத் தக்கவைத்துக்கொள்ள எனக்கு வேண்டியது அதுதான். தெற்கே துர்க்குக் கப்பல்தளத்தில் வெல்டர்களுக்கு அலைகிறார்கள். அவன் மச்சான் அங்கே இருக்கிறான், வாரா வாரம் கூப்பிடுகிறான். ரெய்னோ போனால் இயந்திரமும் இல்லை, பட்டறையும் இல்லை.

2 அக்டோபர்

விண்ணப்பம் அனுப்பியாயிற்று. முப்பத்தெட்டுப் பக்கம். ஒரு கேள்வி: வேலை ஏற்கனவே தொடங்கிவிட்டதா? ஆம், ரெய்னோ கோடையிலேயே தொடங்கிவிட்டான் என்று எழுதினேன். இன்னொன்று: மானியம் இல்லாவிட்டாலும் செய்வீர்களா? ஆம், செய்வோம் என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது? செய்யாமல் விடுகிற ஆளா நாங்கள்!

3 அக்டோபர்

காலை எட்டு மணிக்கே ஹெல்வி போன்.

"உனக்கு மூளை இருக்கா இர்மெலி? தொடங்கிட்டோம்னு எழுதி வச்சிருக்கே! தொடங்கின வேலைக்கு மானியம் கிடையாதுன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கு. திருப்பி அனுப்புறேன், மாத்து. ரெண்டுக்கும் 'இல்லை'ன்னு போடு."

"கொட்டகையில வண்டி நிக்குது. நீயே பார்த்தே. மூணு பன்னு தின்னுக்கிட்டே பார்த்தே."

"நான் பார்த்தது ஒரு மனுஷனோட பொழுதுபோக்கு. அப்படித்தான் நான் பார்த்தேன்."

"அது பொய்."

"பொய் இல்லடி, படிவம்!"

மாற்ற மாட்டேன் என்றேன். வீம்பா? இருக்கட்டும். அந்த மனுஷன் கோடை விடுமுறை முழுக்கக் கொட்டகையில் குனிந்து நின்றிருக்கிறான். நடக்கவே இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். முடியாது. போ.

14 அக்டோபர்

எல்க் மான் வேட்டை தொடங்கிய நாள், எல்லோரும் காட்டில். பட்டறையில் நானும் ரேடியோவும் மட்டும்.

21 நவம்பர்

கிழிந்தது. நிராகரித்துவிட்டார்கள். ஒரே பத்தி, இரண்டு காரணம், இரண்டும் என் கைப்பட எழுதியவை.

பெர்த்தி கத்தினான். என் அண்ணன் கத்தி நான் கேட்டது வாழ்க்கையில் இரண்டாவது தடவை. "உன் உண்மையைக் கொண்டுபோய் அவங்களுக்குச் சம்பளமா குடு!" கதவைச் சாத்திய வேகத்தில் நாட்காட்டி கீழே விழுந்தது.

அவன் சொல்வதில் நியாயம் இல்லையா என்ன? இருக்கிறது. அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. நான் மாற்றி எழுதியிருந்தால் இந்நேரம் நாலு பேரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். இரண்டே இரண்டு சொல்தானே? ஆனால் அந்தக் கேள்வியை எழுதி வைத்தவன் ஒரு நாளாவது பட்டறையில் நின்றிருக்கிறானா? யோசனை வந்த அன்றைக்கே கை வைக்கிறவன்தான் புதிதாக எதையாவது செய்வான். அனுமதி வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனா செய்வான்?

5 டிசம்பர்

ஹெல்வி மறுபடி வந்தாள். வழி கண்டுபிடித்துவிட்டாளாம். பழைய விண்ணப்பத்தை மறந்துவிடு, புதிய பெயரில் புதிய திட்டம் போடு. விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஓலு நகரில் ஓர் ஆலோசகர் இருக்கிறார். அவரைத் திரையில் கூப்பிட்டுப் பேசினோம். முகம் மட்டும் தெரிந்தது, பின்னால் பொய்க் கடற்கரை.

"இந்த இயந்திரம் தரவு சேகரிக்குமா?" என்றார்.

ரெய்னோ என்னைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். "பாசி சேகரிக்கும்" என்றான்.

தரவு இருந்தால் மதிப்பெண் கூடுமாம். ஓட்டுநர் முன்னால் ஒரு திரை வைக்கலாம், நாலைந்து உணரிகள் வைக்கலாம் என்றார். வைக்கலாம், எனக்கென்ன? அதையும் ஒப்புக்கொண்டிருப்பேன். கடைசியில்தான் குண்டைத் தூக்கிப் போட்டார்கள். முடிவு ஏப்ரலில் வரும். அதுவரை இயந்திரத்தை யாரும் தொடக்கூடாது. தொட்டால் இதுவும் போகும்.

"ஏப்ரல்ல சதுப்பு உருகிப் போயிருக்கும், ஹெல்வி. பாசி எடுத்துப் பார்க்க அடுத்த ஜனவரி வரைக்கும் காத்திருக்கணும்."

"அடுத்த ஜனவரி பாரு. பணம் கையில இருக்கும்ல?"

"ஆளு இருக்க மாட்டான்ல?"

ரெய்னோ காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். கப்பல்தளத்துக்குப் பதினைந்தாம் தேதிக்குள் அவன் பதில் சொல்ல வேண்டும். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து வேலை. அவள் போன பிறகு நேரடியாகவே கேட்டேன். இந்தக் குளிர்காலம் சோதித்துப் பார்ப்பதாக இருந்தால் இருக்கிறேன், சும்மா அதற்குத் துணி போர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது என்றான். சம்பளம் தருவாயா என்று அவன் கேட்கவில்லை. தருகிறேன் என்று நானாகச் சொன்னேன். எப்படித் தருவேன்? தெரியாது. சொல்லிவிட்டேன்.

6 டிசம்பர், சுதந்திர தினம்

வருடா வருடம் போல ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஹெல்விக்குச் செய்தி அனுப்பினேன்: விண்ணப்பம் வேண்டாம், ஜனவரியில் சதுப்பில் இறங்குகிறோம். ஒரே வார்த்தை பதில் வந்தது. அதை இங்கே எழுத முடியாது.

14 ஜனவரி 2024, ஞாயிறு

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரிக் குளிர் ஒரு வாரமாக அடிக்கிறது, ஆனால் சதுப்பு உறையவில்லை. மேலே பனி முக்கால் மீட்டர் கிடக்கிறது, கம்பளி போர்த்தின மாதிரி. அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. பனியை மிதித்துத் தட்டையாக்கினால்தான் குளிர் உள்ளே இறங்கும். வண்டி போகிற தடம் மட்டுமே எண்ணூறு மீட்டர். நாங்கள் ஆறு பேர் மட்டும் மிதித்தால் முடிப்பதற்குள் வசந்தம் வந்துவிடும்.

ஊருக்குச் சொல்லி அனுப்பினேன். கூட்டு வேலை, கூலி கிடையாது, பட்டாணி சூப் உண்டு. பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தேன். இருபத்து மூன்று பேர் வந்தார்கள்! பனிவண்டியில் பாதிப் பேர், பனிச்செருப்பில் மீதிப் பேர். எங்கள் தபால்காரி வந்தாள். போன வருடம் எல்லைத் தகராறில் என்னோடு பேச்சை நிறுத்தின பக்கத்து நிலத்துக்காரன் வந்தான். இன்றைக்கும் பேசவில்லை, ஆனால் மத்தியானம் வரை மிதித்தான். மூன்று கிண்ணம் சூப் குடித்தான்.

பதினோரு மணிக்குக் காட்டு விளிம்பிலிருந்து ஓர் ஆள் சறுக்கி வந்தது. தொப்பியை இழுத்துவிட்டிருந்தாலும் சறுக்குகிற விதத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நான் இங்க வரல. புரியுதா?" என்றாள் ஹெல்வி.

"யாரு நீ?" என்றேன்.

நாலு மணி நேரம் மிதித்தாள். இத்தனை வருடத்தில் அவளை இன்றைக்குத்தான் நிஜமாகவே பிடித்தது.

24 ஜனவரி

முதல் சோதனை. படுதோல்வி. உறைந்த பாசியைப் பல்லால் கிழித்ததும் அடி வேரோடு பெயர்ந்து வந்தது. மேல் அடுக்கு மட்டும் வரவேண்டும் என்பதுதானே முழு விஷயமும்! இரண்டு பல் உடைந்தது. ரெய்னோ கையுறையைப் பனியில் அடித்தான். அப்புறம் அதைத் தேடப் பத்து நிமிடம் ஆயிற்று.

2 பிப்ரவரி

சரியாக உறையாத ஓர் இடத்தில் வண்டியின் பின்சக்கரம் சதுப்புக்குள் போய்விட்டது. வெளியே இழுக்கப் பகல் முழுக்க. இருட்டியபோது பெர்த்தி, "ஏப்ரல்ல பணம் வந்திருக்கும்" என்றான். நான் பயந்துபோயிருக்கிறேன் — இங்கேயாவது அதை எழுதலாம், இல்லையா? பிப்ரவரிச் சம்பளம் கொடுத்துவிடுவேன். மார்ச்சுக்கு இல்லை.

9 பிப்ரவரி

ரெய்னோ பல்லை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, மரம் அறுக்கும் சங்கிலியை வளைத்துப் பொருத்துகிறான். பெயர்க்கக் கூடாதாம், அறுக்க வேண்டுமாம், ரொட்டியைத் துண்டு போடுகிற மாதிரி. மற்ற மூவரும் வீட்டுக்குப் போகாமல் நின்று பார்க்கிறார்கள். "வேலை இல்லன்னா வீட்டுக்குப் போங்கடா" என்றேன். யாரும் நகரவில்லை.

20 பிப்ரவரி

அறுத்தது! சுத்தமாக அறுத்தது! முப்பது சென்டிமீட்டர் துண்டு துண்டாக வந்தது, அடி அசையவே இல்லை. நான் கத்திய கத்தலில் காக்கை எல்லாம் பறந்தது. ரெய்னோ "ம்" என்றான். பிறகு இன்னொரு தடவை "ம்" என்றான். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்ஜினைப் பார்க்கிற மாதிரி நின்றான். அழுதான் என்று நினைக்கிறேன்.

போத்னியா கடற்கரைப் பக்கம் செடிமண் விற்கிற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். அடுத்த குளிர்காலத்துக்கு இந்த இயந்திரம் இரண்டு வேண்டும், முன்பணம் மே மாதம் என்றார். மே மாதம்! மார்ச்சும் ஏப்ரலும் எங்கே போவது?

11 மார்ச்

தபால் எடுக்கப் போகும் வழியில் பார்த்தேன். பெரிய சாலையோரம் மரக்கட்டை அடுக்கி வைத்திருக்கிறது, ஆள் உயரத்துக்கு மேல், வளைவு வரைக்கும். முனையில் ஒட்டியிருந்த சீட்டில் பெர்த்தியின் பெயர்.

குன்றுச் சரிவுக் காடு. அப்பா அவனுக்கு எழுதி வைத்தது. ஓய்வு பெற்றதும் அங்கே ஒரு குடிசை போடுவேன், அதுவரை ஒரு மரத்தையும் தொடமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆறு ஹெக்டேர். சரிவு முழுக்க மொட்டை. அறுவை இயந்திரச் சத்தம் நாலு நாளாகக் கேட்டது, வேறு யாருடையதோ என்று நினைத்தேனே.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். மீன் வறுத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேணாம்னு சொல்வே."

"சொல்லியிருப்பேன்தான்!"

"அதான் சொல்லல. உக்காரு, மீன் ஆறிடும்."

உட்கார்ந்தேன். மீனில் முள்ளை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். என் பிடிவாதத்துக்கு, இரண்டு மாதச் சம்பளத்துக்கு, இவன் காடு போயிற்று. இருந்தும் — இதையும் எழுதிவிடுகிறேன் — இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் படிவத்தில் அதையேதான் எழுதுவேன். அதற்காக வெட்கப்படவும் மாட்டேன். ஆனால் பெர்த்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

17 அக்டோபர் 2024, வியாழன்

ஏழு மாதமாக எழுதவே நேரமில்லை. இரண்டு இயந்திரம் ஐந்தாகிவிட்டது. புதிதாக இரண்டு ஆள் எடுத்திருக்கிறேன், ஒருத்தி துர்க்குக் கப்பல்தளத்தை விட்டுவிட்டு இங்கே வந்தவள். ரெய்னோ அவளிடம் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசுகிறான்.

இன்றைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வில்யா என்று ஒரு பெண் வந்தாள். வட்டார மானியம் வாங்கின கம்பெனிகள் புதிதாக எதையாவது செய்கின்றனவா, வியாபாரம் கூடுகிறதா என்று ஆராய்ச்சி. வாங்கினவர்கள் இருநூறு, கேட்டுக் கிடைக்காதவர்கள் இருநூறு.

"நீங்க எங்களுக்கு ரொம்ப முக்கியம். நீங்க ஒப்பீட்டுக் குழு" என்றாள்.

"அதாவது கதவடிச்சுத் துரத்தப்பட்டவங்க பட்டியல்."

சிரித்துவிட்டாள். நல்ல பெண்தான். புதிய பொருள் உண்டா? உண்டு. விற்பனை? கூடியிருக்கிறது. ஆட்கள்? கூடியிருக்கிறார்கள். பெற்ற உதவி? பூஜ்யம் என்று அவளே கணினியில் அடித்துக்கொண்டாள்.

"இரு, இரு. பூஜ்யம் எப்படி?" என்றேன். பனி மிதித்த இருபத்து மூன்று பேரைச் சொன்னேன். ரெய்னோவின் கோடையைச் சொன்னேன். பெர்த்தியின் காட்டைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள், குறிப்புப் புத்தகத்தில் எழுதவும் செய்தாள். ஆனால் கணக்கில் சேர்க்க முடியாதாம், அரசு உதவி மட்டும்தான் கட்டத்துக்குள் வருமாம்.

"அப்போ கட்டத்தைப் பெருசா போடு" என்றேன்.

"நான் போட்ட கட்டம் இல்லையே" என்றாள் பாவம்.

12 மே 2025

ஹெல்வியின் பதவி இந்த மாதத்தோடு முடிகிறது. அலுவலகத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். ஆராய்ச்சி அறிக்கை வந்துவிட்டது, அதைத்தான் காரணமாகக் காட்டுகிறார்களாம்: மானியம் கிடைக்காத கம்பெனிகளும் கிடைத்தவற்றுக்கு ஏறக்குறைய சமமாகவே வளர்ந்திருக்கின்றன. அப்படியென்றால் மானியம் எதற்கு என்று கயானியில் நடந்த கூட்டத்தில் யாரோ எழுந்து நின்று கேட்டிருக்கிறான்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது! நான் திட்டினது விதியை. பணத்தை நான் எப்போது வேண்டாம் என்றேன்? டிசம்பரில் கொடுத்திருந்தால் அந்தச் சரிவில் இன்றைக்கு மரம் நிற்கும். பக்கத்து ஊர் ரொட்டிக்கடைக்காரிக்கு நேரத்தோடு கிடைத்தது, அவள் யாருடைய காட்டையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. இப்போது என் பட்டறையையே சாட்சிக்குக் கூப்பிட்டு, அடுத்தவனுக்குக் கொடுக்காதே என்கிறார்கள். என்னைக் கேட்டார்களா?

வில்யாவுக்கு எழுதினேன். மூன்று பக்கம். கெட்ட வார்த்தையை எல்லாம் பெர்த்தி அடித்துவிட்டான், இரண்டு பக்கமாயிற்று.

7 ஜூன் 2025, சனி

குன்றுச் சரிவில் ஸ்ப்ரூஸ் மர நாற்று நட ஒரு வாரமாகப் போகிறோம். பெர்த்தி, நான், ரெய்னோ, இப்போது ஹெல்வி. ஹெல்விக்கு மணிக்கூலி தருகிறேன், வாங்க மாட்டேன் என்றாள், வாங்காவிட்டால் வராதே என்றேன். நடவுக் குழாயைக் குத்தி, நாற்றைப் போட்டு, காலால் அமுக்கி, இரண்டு எட்டு நகர வேண்டும். கொசு பிய்க்கிறது. என் இடுப்பு போயே போய்விட்டது.

இடைவேளையில் ஹெல்வி போனில் அறிக்கையை வாசித்தாள். "உதவி பெறாத நிறுவனங்கள்..." என்று ஆரம்பித்தாள்.

பெர்த்திக்கு அறுபத்து மூன்று வயது. இந்த மரம் வெட்டுகிற பருவத்துக்கு வர எழுபது வருடம் ஆகும். கையில் நாற்றுத் தட்டோடு நின்று கேட்டான். "எந்த உதவி பெறாத?" என்றான். அவன் குனிந்து அடுத்ததை நட்டான்.

மத்தியானம் வில்யா கூப்பிட்டாள். கடிதத்தை இரண்டு தடவை படித்தாளாம். அறிக்கையோடு சேர்ப்பதற்கு இன்னொரு அத்தியாயம் எழுதலாம் என்று பார்க்கிறாள், அதற்கு நேரில் வந்து பேச வேண்டுமாம். வியாழக்கிழமை வரட்டுமா என்று கேட்டாள்.

தாராளமாக வரச் சொன்னேன். பட்டறைக்கு வேண்டாம், குன்றுச் சரிவுக்கு வா, ரப்பர் பூட்ஸ் எடுத்துவா என்றேன். எதற்கு என்று கேட்டாள். நாற்று இன்னும் நாலாயிரம் மிச்சம் இருக்கிறது என்றேன்.